வெள்ளைச் சோளமும் இளங்கொழுந்தும்

ஒரு காட்டில், மலைச்சரிவு இறங்கி வந்து சோளக் கொல்லையைத் தொடும் ஓரத்தில், ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் உயரக் கிளையில் ஒரு பெண்மயில் குடியிருந்தது. தோகை விரித்து ஆடுகிற வேலையெல்லாம் ஆண்மயிலுக்கு. இந்த மயிலுக்கு வேறு வேலை. தூரத்தில் காட்டுப்பூனையின் முதுகு தெரிந்தால் போதும், காடே அதிரும்படி அகவிவிடும்.

அந்தக் குரலை நம்பித்தான் மரத்தடியில் இரண்டு குடும்பங்கள் பிழைத்தன. வேரடியில் வளை தோண்டியிருந்தது ஓர் எலி. பக்கத்துப் புல் மறைவில் குடியிருந்தது ஒரு பெண்முயல். எலி சோளம் தின்னும். முயல் கீரை தின்னும். மயில் அகவினால் எலி வளைக்குள் புகும், முயல் சரிவில் ஓடும், பூனை வெறும் வயிற்றோடு திரும்பும். அது பொறுமையான பூனை. திரும்பிப் போகுமே தவிர, வருவதை நிறுத்தாது.

ஒரு பருவத்தில் மயில் கீழே இறங்கி இலந்தைப் புதருக்குள் முட்டையிட்டு அடைகாத்தது. அடையில் உட்கார்ந்த மயிலுக்குச் சாப்பாட்டு நினைவு ஏது? குஞ்சுகள் வெளியே வந்தபோது அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

எலி வந்து பார்த்தது. "என்னம்மா மயிலு, இப்படி உருக்குலைந்து போய்விட்டாயே!"

"எழுந்தால் கால் நடுங்குகிறது, எலியண்ணே. மரத்துக்குப் பறந்து பார்த்தேன். பாதி உயரம்கூட ஏற முடியவில்லை."

முயலும் வந்து பார்த்தது. அதன் காது இரண்டும் படிந்துவிட்டன. "அப்படியானால் மேலே யார் இருப்பார்கள்? பூனை வந்தால் யார் சொல்வார்கள்?"

கொல்லைப் பக்கத்துப் பாறையில் பூனை உட்கார்ந்து தன் முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அவசரம் இல்லை. மயில் கிளையேறாதவரை அந்த மரத்தடி முழுவதும் அதற்குத்தான்.

அன்றைக்கு யாரும் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. எலி வளைக்குள் ஓடி, கைக்கு வந்த சோளத்தை அப்படியே வாரிக்கொண்டு வந்தது. முயல் ஓடைக்கரையில் பொன்னாங்கண்ணியை வேர்மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மயில் இரண்டையும் கலந்து கொத்தித் தின்றது. அடுத்த நாளும் அப்படியே தின்றது. கால் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

"அண்ணே, உங்கள் சோளம் உள்ளே போனதும் தெம்பாக இருக்கிறது" என்று மயில் சொல்லிவிட்டது. நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். அங்கேதான் வம்பு பிறந்தது.

முயல் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தியது. "சோளத்தினாலா தெம்பு வந்தது? என் கீரை என்ன, சும்மா தொட்டுக்கொள்ளவா?"

எலி மீசையைத் தடவிக்கொண்டது. "அக்கா, கோபப்படக் கூடாது. கீரை என்பது என்ன? பச்சையாக நிற்கிற தண்ணீர். ஒரு பொழுது வெயிலில் போட்டால் குன்று மாதிரி இருந்த கீரை கோழிமுட்டை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. என் சோளம் ஒரு கோடை முழுக்கக் கிடந்தாலும் அப்படியே கிடக்கும். ஓடுகிறவனுக்கும் பறக்கிறவனுக்கும் சோளம்தான் விறகு."

"விறகுதான், தம்பி. தின்றால் வயிற்றுக்குள் விறகுக் கட்டு மாதிரியேதான் கிடக்கும். சோளம் மட்டும் தின்கிறவன் காலையில் புதர் ஓரம் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருக்கிறான். கண்ணுக்கு வெளிச்சமும் உடம்புக்கு இரத்தமும் கீரையில்தான் இருக்கின்றன. காட்டு யானை என்ன சோளப்பொரி தின்றா அந்த உடம்பு வளர்த்தது?"

"யானை சோளக் கொல்லைக்கு ஏன் வருகிறது என்று அதையே கேளேன்!"

மயில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பசியில் இருப்பவருக்கு வழக்கு கேட்கத் தெம்பு இருக்காது. ஆனால் சாப்பாடு கொடுப்பவர்கள் பேசும்போது கேட்காமல் இருக்கவும் முடியாது.

"நமக்குள் ஏன் சண்டை? நியாயம் கேட்போம்" என்றது எலி. மருத மரத்தின் பட்டையில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் அதனிடம் போயின.

"ஓணானாரே, தானியம்தானே உயர்ந்தது?" என்று எலி கேட்டது. ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"ஓணானாரே, கீரைதானே உயர்ந்தது?" என்று முயல் கேட்டது. ஓணான் இன்னும் பலமாக ஆட்டியது.

இப்படிப்பட்ட நீதிபதி கிடைத்தால் வழக்கு முடியுமா? அதனால் அவை ஒரு சோதனை வைத்துக்கொண்டன. முதலில் மயில் சோளம் மட்டும் தின்ன வேண்டும். தேய்கிற நிலா மறைந்து மறுபடி முகம் காட்டியதும் கீரை மட்டும் தின்ன வேண்டும். எதைத் தின்று கிளையேறுகிறதோ அதுவே உயர்ந்த உணவு. ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"முன்போல இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தந்தால் என்ன?" என்று மயில் மெதுவாகக் கேட்டது.

"தந்தால் நீ எதனால் குணமானாய் என்று எப்படித் தெரியும்?" என்றது எலி.

"அதானே!" என்றது முயல்.

அன்றைக்கு அவை இரண்டும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சோதனை என்று வந்துவிட்டால் கைக்கு வந்ததைக் கொடுக்க முடியுமா? எலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு முழுச் சோளம், விருந்துக்கு வெள்ளைச் சோளம். எலி தன் பிள்ளைகளையெல்லாம் கூட்டி உட்காரவைத்தது. ஒவ்வொரு மணியாக எடுத்து, மேலே இருந்த தவிட்டைப் பல்லால் சுரண்டி, முளை விடுகிற முனையையும் கிள்ளி எறிந்தது. மிஞ்சியது முத்து மாதிரி வெள்ளையாக இருந்தது. அதை ஓர் ஆலிலையில் குவித்து மயிலின் முன்னால் வைத்தது.

"பார், ஒரு மாசு மருவு உண்டா? இந்த மாதிரி சோளத்தை நான் என் மாமியார் வீட்டுக்குக்கூட அனுப்பியதில்லை."

மயில் தின்றது. விருந்தைக் குறை சொல்வது அதன் குலத்தில் இல்லை. ஆனால் நாளாக ஆக வயிறு கல்லாகக் கனத்தது. கண்ணின் ஓரம் மங்கியது. முதுகிறகு ஒன்றிரண்டாக உதிர்ந்தது. தின்ற கொஞ்ச நேரம் ஒரு துடிப்பு வரும், அதோடு சரி.

"எப்படி இருக்கிறது?" என்று எலி கேட்கும்.

"நன்றாக இருக்கிறது, அண்ணே" என்று மயில் சொல்லும். வேறு என்ன சொல்லும்?

நிலா மறைந்து மீண்டும் கீற்றாகத் தெரிந்தது. முயலின் முறை வந்தது. எலி வைத்த வெள்ளை விருந்தைக் கண்ணால் பார்த்த முயல் சும்மா இருக்குமா? பொன்னாங்கண்ணியும் பண்ணைக்கீரையும் பிடுங்கி வந்து, கரும்பச்சை இலைகளை முரடு என்று கழித்தது. நடுவில் இருந்த வெளிறிய இளங்கொழுந்தை மட்டும் எடுத்தது. ஓடைநீரில் அலசி அலசி அதில் இருந்த கொஞ்ச வாசனையையும் போக்கியது.

"பல்லே வேண்டாம், நாக்கிலேயே கரையும்" என்று பெருமையாக நீட்டியது.

"எனக்கு ஏது பல்லு, முயலக்கா?" என்றது மயில்.

கொழுந்து நாக்கில் கரைந்தது. வயிற்றிலும் அதே வேகத்தில் கரைந்தது. தின்று முடித்து அலகைத் துடைப்பதற்குள் மறுபடி பசித்தது. கனம் போய்விட்டது என்று மயில் மகிழ்ந்தது. எழுந்து நின்றதும் தெரிந்தது, கனத்தோடு பலமும் போய்விட்டது. இப்போது கால் மட்டுமல்ல, கழுத்தும் நடுங்கியது.

பூனை பாறையை விட்டு இறங்கி வந்திருந்தது. ஒரு நாள் கொல்லை வேலியருகே உட்கார்ந்தது. பிறகு கரையான் புற்றருகே. பிறகு மயில் மூச்சு விடுவது கேட்கிற தூரத்தில்.

மயிலின் குஞ்சுகளைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. அவை சோதனையில் சேரவில்லை. அவற்றுக்கு ஆலிலையில் யாரும் விருந்து வைக்கவில்லை. எலி வளைக்கும் முயல் படுக்கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எலி சுரண்டிய தவிடும் கிள்ளிய முளைமுனையும் அதில்தான் விழுந்தன. சிதறிய முழுமணிகளும் அதில்தான் விழுந்தன. முயல் கழித்த கரும்பச்சை இலைகளும் காம்புகளும் அதன்மேல் விழுந்தன. குஞ்சுகள் விடிந்ததும் அந்தப் பள்ளத்துக்குப் போகும், பொழுது சாயும்போது வரும்.

ஒரு சாயங்காலம் பூனை இலந்தைப் புதரின் அந்தப் பக்கமே வந்து வயிற்றைத் தரையில் ஒட்டவைத்தது. குஞ்சுகள் அதைப் பார்த்தன. பார்த்த வேகத்தில் படபடவென்று சிறகடித்து, மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் போய் உட்கார்ந்தன. ஒன்றுகூடக் கீழே தங்கவில்லை.

"அம்மா, வா! அம்மா, மேலே வா!"

மயில் எம்பியது. தன் உயரம்கூட எழும்ப முடியவில்லை. சிறகு முள்ளில் மாட்ட, புதரின் நடுவிலேயே விழுந்தது. பூனை ஒரு காலை உள்ளே விட்டுப் பார்த்தது. இலந்தை முள் அதன் பாதத்தில் ஏறியது. காலை இழுத்துக்கொண்டு, நக்கிக்கொண்டே நொண்டி நொண்டிப் போனது. முள் குத்திய புண் ஆறுகிற வரைக்கும் மயிலுக்கு உயிர் உண்டு. அது மயிலுக்கும் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் குஞ்சுகள் இறங்கி வந்தன.

"நீங்கள் எப்படிக் கண்ணுகளா பறந்தீர்கள்?" என்று மயில் கேட்டது. "உங்களுக்கு யார் சாப்பாடு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கவில்லை. பள்ளத்தில் கிடக்கிறது" என்றது ஒரு குஞ்சு. "நீயும் வா அம்மா."

மயில் கழுத்தை நிமிர்த்தியது. "எலியண்ணனும் முயலக்காவும் இவ்வளவு பாடுபட்டு எனக்கு விருந்து வைக்கிறார்கள். நான் போய் அவர்கள் வீட்டுக் குப்பையைக் கிளறினால் மரியாதையாக இருக்குமா?"

"பூனைக்கு மரியாதை தெரியுமா, அம்மா?" என்று குஞ்சு கேட்டது.

மயில் எழுந்து, தள்ளாடித் தள்ளாடி, பள்ளத்துக்கு நடந்தது.

அன்றைக்கு எலியும் முயலும் அதைக் கவனிக்கவில்லை. மயில் ஏன் கிளையேறவில்லை என்ற வழக்கை ஓணானிடம் கொண்டுபோயிருந்தன. சோளம் கொடுத்த பலத்தைக் கீரை கரைத்துவிட்டது என்றது எலி. சோளம் கெடுத்த உடம்பைக் கீரையாலும் மீட்க முடியவில்லை என்றது முயல். ஓணான் இரண்டுக்கும் தலையாட்டியது. மறுநாளும் இதே வழக்கு நடந்தது. அதற்கு மறுநாளும் நடந்தது. வழக்கு ருசித்துவிட்டதால் விருந்து வைக்கவே மறந்துபோனது.

மயில் பள்ளத்தில் கொத்தித் தின்றது. தவிடு தொண்டையில் கரகரத்தது. இலைக்காம்பு நாராக இருந்தது. சிந்திக்கிடந்த முழுச்சோளத்தை அரைக்க இரைப்பைக்கு வேலை இருந்தது. ஆனால் காலையில் தின்றது உச்சிப்பொழுது வரை தாங்கியது. வயிறு கனக்கவும் இல்லை, காலியாகவும் இல்லை. கண்ணோரத்து மங்கல் விலகியது. கால் நிலத்தில் ஊன்றி நின்றது.

பூனையின் பாதம் ஆறியது. ஒரு சாயங்காலம் அது மறுபடி வந்தது. இந்த முறை முள் இல்லாத பக்கமாகப் புதருக்குள் நுழைந்தது. மயில் அதன் கண்ணைப் பார்த்தது. எம்பியது. முதல் சிறகடியில் புதர் கீழே போனது, அடுத்த சிறகடியில் குஞ்சுகள் இருந்த கிளை கீழே போனது, பிறகு தன் பழைய கிளையில் போய் நின்றது. தான் மேலே இருப்பதை நம்பவே அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பூனைக்கு வாயில் ஓர் இறகுதான் கிடைத்தது. அதைப் புதருக்கு வெளியே துப்பிவிட்டு, நகராமல், புதருக்குள்ளேயே படுத்துக்கொண்டது. பொறுமையான பூனை என்று முன்பே சொன்னேன்.

சற்று நேரத்தில் எலியும் முயலும் வழக்கை முடித்துக்கொண்டு வந்தன. புதருக்கு வெளியே உதிர்ந்து கிடந்த இறகைப் பார்த்ததும் எலி தலையில் கைவைத்துக்கொண்டது. "ஐயோ, போய்விட்டதே! உன் தண்ணிக்கீரையால்தான் போய்விட்டது!"

"நீ திணித்த கல்லால்தான் போய்விட்டது!" என்று முயல் அழுதது.

"நான் இங்கே இருக்கிறேன்" என்றது மயில், மேலேயிருந்து. கிளையின் இலைகள் மறைத்ததால் புதருக்குள் படுத்திருந்த பூனையை அது காணவில்லை. அது வேலிப்பக்கம் போயிருக்கும் என்று நினைத்தது.

இரண்டும் அண்ணாந்து பார்த்தன. அழுகை நின்றது. நின்ற உடனே எலி கேட்டது:

"ஏறிவிட்டாயே! சொல்லு, சோளம்தானே ஏற்றியது?"

"உண்மையைச் சொல்லு மயிலு, கீரைதானே?" என்றது முயல்.

மயில் கொஞ்சம் தயங்கியது. பிறகு சொல்லிவிட்டது.

"நீங்கள் கொடுத்தது எதுவும் இல்லை. நீங்கள் எறிந்தது."

இரண்டும் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தன. அங்கே தவிடும் இலையும் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தன. நல்லவர்கள் என்றால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார்கள். எலியும் முயலும் நல்லவர்கள்தான், ஆனால் வழக்கு ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை.

"எறிந்ததில் தவிடுதான் அதிகம்" என்றது எலி.

"மேலே கிடந்தது என் இலை" என்றது முயல்.

"அடியில் கிடந்ததுதான் பலம்!"

"மேலே கிடந்ததைத்தானே முதலில் தின்றிருக்கும்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. இலந்தைப் புதர் லேசாக அசைந்தது. மயில் அதைப் பார்த்தது. அகவியது. பல நாள் கழித்து அந்தக் குரல் காட்டை உலுக்கியது. ஆனால் அடியா மேலா என்று கத்திக்கொண்டிருந்த இருவர் காதிலும் அது ஏறவில்லை. மயில் தன் உயிரையே குரலில் திரட்டி மறுபடி அகவியது.

அப்போதுதான் கேட்டது. முயல் ஒரே தாவலில் சரிவில் இறங்கியது. அதன் பின்தொடையில் பூனை நகம் கீறிய கோடு கடைசிவரை மறையவில்லை. எலி வளையை நோக்கிப் பாய்ந்தது. தலை புகுந்தது, உடம்பு புகுந்தது, வால் புகவில்லை. பூனை அன்றைக்கு எலிவாலில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. அதன் வயிற்றுக்கு அது காணாது என்றாலும், வெறும் வயிறு என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் முயல் நொண்டிக்கொண்டு எலியின் வாசலுக்கு வந்தது. வாயில் பொன்னாங்கண்ணி இருந்தது. வேரும் கரும்பச்சை இலையும் கொழுந்தும் அப்படியே இருந்தன. அதை வாசலில் வைத்துவிட்டுக் காத்து நின்றது.

எலி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. மூளியான வாலை மறைத்துக்கொண்டு, தவிடு சுரண்டாத முழுச்சோளத்தை வெளியே தள்ளியது.

இரண்டும் தின்றன. எது உயர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வாயில் இடமில்லை. மரப்பட்டையில் ஓணான் மட்டும், யாரும் எதுவும் கேட்காமலே, தலையாட்டிக்கொண்டிருந்தது.

நீதி: எது உயர்ந்தது என்று பிரித்துக் கொடுப்பவர், பசித்தவருக்கு எதையும் முழுதாகக் கொடுப்பதில்லை.